நாவலூரில் பிறந்தும் நா எழவில்லை

— மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு (தமிழ் வழி)

எங்கள் ஊர் திருநாவலூர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். கோயிலுக்குத் தலமரமே நாவல்தான். பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு என் பெயரை எழுதும்போதெல்லாம் தமிழாசிரியர், "நாவலூர்ப் பெண்ணுக்கு நாவன்மைக்கு என்ன குறை?" என்று சொல்லிச் சிரிப்பார். பரிசாகப் பெற்ற எவர்சில்வர் தட்டுகள் நான்கு இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

அந்த நா சென்ற கார்த்திகையில் ஒருநாள், குளிரூட்டிய ஓர் அறையில், எழாமல் போயிற்று. மூன்று நிமிடம்தான் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றி எழுதவே இந்த மலரில் இடம் கேட்டேன்.

வேலைவாய்ப்பு முகாம் ஒன்று நடந்தது. தனியார் நிறுவனம் ஒன்றிலிருந்து ஆளெடுக்க வந்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். யாரையும் குறை கூறுவது என் நோக்கமன்று. விடியற்காலையில் எழுந்து, மடப்பட்டு வந்து பேருந்து பிடித்து, ஒன்பது மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். கணக்கு, அட்டவணையைப் பார்த்து விடை எழுதுதல் ஆகியவற்றில் தேர்வு வைத்தார்கள். தேறியவர் பட்டியலில் என் பெயர் நான்காவதாக இருந்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்?

பிறகு நேர்முகம். ஒரு பெரியவரும் ஓர் அம்மையாரும் அமர்ந்திருந்தனர். "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தோழி எழுதிக் கொடுத்திருந்த ஆறு வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன். ஒப்பித்தேன். அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். அந்த அம்மையார் அன்போடு, "உன் தந்தை உழவர் என்கிறாயே, வயலில் நீ என்ன வேலை செய்வாய்?" என்று கேட்டார்.

கேள்வி புரிந்தது. விடையும் தெரியும். எங்கள் ஒன்றரை ஏக்கர் கரும்பில் ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிப்போம். காய்ந்த தோகையை உரித்துப் பாருக்கு இடையில் பரப்பினால் ஈரம் நிற்கும்; களை அடங்கும்; காற்றோட்டம் கிடைப்பதால் பூச்சியும் குறையும். சோகை கிழித்த தழும்பு என் முன்கையில் இப்போதும் இருக்கிறது. ஆனால் சோகைக்கு ஆங்கிலத்தில் என்ன? பாருக்கு என்ன? கரணைக்கு என்ன? ஒரு சொல்லும் வரவில்லை. மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பரவாயில்லை, தகவல் அனுப்புவோம்" என்றார்கள். தகவல் வரவில்லை.

வீட்டில் அப்பா கேட்டார். "பேச வரலப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவில் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "தம்பிய வர்ற வருஷம் டவுன்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம். உன் அட்டிகைய வச்சா மொத வருஷத்துக்கு ஆவும். இவள மாதிரி அவனும் வாயடைச்சுப் போயி நிக்கக் கூடாது." அம்மா, "சரி" என்று மட்டும் சொன்னாள். நேர்முகத்தில் வராத கண்ணீர் எனக்கு அப்போதுதான் வந்தது.

தூக்கம் பிடிக்காமல், அந்தக் கேள்விக்கு விடையைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். கரும்பைப் பற்றி மூன்று பக்கம் வந்தது. அடுத்து, "உன்னைப் பற்றிச் சொல்" என்பதற்கு எழுத அமர்ந்தேன். நான்கு வரிக்கு மேல் வரவில்லை! அதுவும் தமிழில்! அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. பேச்சுப் போட்டிகளில் நான் பேசியவை எல்லாம் ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்தவை. பதினைந்தாண்டுப் படிப்பில் ஐந்து மதிப்பெண் விடையும் பத்து மதிப்பெண் விடையும் எழுதியிருக்கிறேன். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று எந்த மொழியிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை, நானாகவும் சொன்னதில்லை. இதற்கு ஆங்கிலத்தின் மேல் பழி போட முடியுமா?

ஆயினும், ஆங்கிலம் பேசத் தெரியாதவன் அறிவில்லாதவன் என்ற எண்ணம் நம் நாட்டில் எப்படி வேரூன்றியது? வரலாறு படிப்பவள் என்பதால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. 1835இல் மெக்காலே தம் குறிப்பின் மூலம் கல்வியை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பினார் என்பது எல்லோரும் அறிந்தது. அவ்வளவாகப் பேசப்படாத ஆணை ஒன்று உண்டு. 1844 அக்டோபரில் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச், அரசு வேலைகளுக்கு ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கே முதலிடம் என்று அறிவித்தார். மெக்காலே ஏட்டைத் திருப்பினார். ஹார்டிஞ்ச் வயிற்றைத் திருப்பினார்! அதற்கு முன் ஆர்க்காட்டு நவாபின் அரசவையில் பாரசீகம் கற்றவர்க்கு மதிப்பு இருந்தது. ஆட்சி மாறியதும் பாரசீகம் போயிற்று, ஆங்கிலம் வந்தது. ஆக, வேலைக்குரிய மொழி வானத்திலிருந்து விழுவதன்று. வேலை கொடுப்பவன் வகுப்பது.

விடுதலைக்குப் பின் நம் மாநிலம் இதை மாற்ற முயலாமல் இல்லை. 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி இளங்கலை வகுப்பு தொடங்கிற்று. அந்த வழியில் வந்த வகுப்பில்தான் இன்று நான் அமர்ந்திருக்கிறேன். 2010இல் தமிழ்வழியில் பயின்றோர்க்கு மாநில அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்கவேண்டும் என்று 2020இல் அதைத் திருத்தினார்கள். 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி, தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு பெற்றால்தான் மற்றத் தாள்களையே திருத்துவார்கள்.

மத்திய அரசிலும் ஒரு கதவு திறந்தது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979 முதல் குடிமைப் பணித் தேர்வை நம் மொழிகளில் எழுதலாம் என்றாயிற்று. தமிழ் இலக்கியம் படித்த திரு. ஆர். பாலகிருஷ்ணன் அத்தேர்வைத் தமிழிலேயே எழுதி, 1984இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வானார். அவ்வாறு தேர்வான முதல்வர் அவரே. அவர் பணியாற்றச் சென்றது ஒடிசாவுக்கு! தமிழில் தேர்வு எழுதியவரால் ஒடியா பேசும் மாநிலத்தை நிர்வகிக்க முடிந்தது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆனால் நண்பர்களே, எல்லோரும் பாலகிருஷ்ணன் ஆக முடியாது. சாதாரண மதிப்பெண் வாங்கும் என்னைப் போன்றவர்களின் கதை வேறு. 20 விழுக்காடு என்பது அரசு வேலைக்கு மட்டுமே. அதுவும் சேரும் வாசலில் மட்டுமே. தனியார் நிறுவனத்தின் வாசலில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே மாதத்தில், சேருவோர் குறைந்துவிட்டனர் என்று உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. வகுப்பைத் திறந்தாற் போதுமா? வகுப்பின் மறுமுனையில் வேலை இருக்கிறதா என்றுதானே பெற்றோர் பார்க்கிறார்கள்?

என் தம்பியின் செய்தியும் இதுதான். இப்போது ஐந்தாம் வகுப்பில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், தமிழ்வழியில் படிக்கிறான். ஆங்கில வழிக்கு மாற்றினால் 20 விழுக்காட்டுக் கதவு அவனுக்கு அடைபடும். முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள். மாற்றாவிட்டால் என் போல் ஒரு கண்ணாடி அறையில் விழித்து நிற்பானோ என்று அப்பாவுக்கு அச்சம். அட்டிகை ஒன்றே ஒன்று; கதவுகள் இரண்டு. எந்தக் கதவுக்கு அதைக் கொடுப்பது?

இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் தை மாதத்தில் இன்னொன்று நடந்தது. கடன் தவணையைத் தள்ளிவைக்க மனுக் கொடுக்க ஆயாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அதிகாரி வடமாநிலத்து இளைஞர். தன்மையானவர், ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேசினார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. படிவமோ ஆங்கிலத்தில். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் கையில் பட்டாவோடு நின்றார்கள். "என்னாம்மா சொல்றாரு?" என்றாள் ஆயா. படிவத்தைப் படித்து ஆயாவுக்குச் சொன்னேன். பக்கத்திலிருந்த பெரியவர், "எனக்கும் சொல்லு தாயீ" என்றார். அவருக்குப் பின் இன்னொருவர். உச்சிப் பொழுது வரை இதே வேலை. அவர்கள் சொல்வதை அதிகாரிக்கு, அதிகாரி சொல்வதை அவர்களுக்கு!

ஒரு பெரியவர், "சோகையில தீப்புடிச்சு அரை ஏக்கர் கரும்பு போச்சு" என்றார். நான் நிற்காமல், "டிரை லீஃப்" என்றேன். அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார்.

டிரை லீஃப்! காய்ந்த இலை! மூன்றாம் வகுப்பிலேயே படித்த இரண்டு சொற்கள். அன்று அந்த அறையில் எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். விவசாயக் கல்லூரியில் இதற்கென்று தனிச்சொல் ஒன்று இருக்கலாம். ஆனால் கேட்பவருக்குப் புரிய அது வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் நான் ஆங்கிலம் பேசியிருக்கிறேன். பேசுகிறேன் என்ற நினைவே இல்லாமல்! இலக்கணப் பிழை எத்தனையோ இருந்திருக்கும். யாரும் எண்ணவில்லை. சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருந்தது. அது போய்ச் சேர்ந்தது. வெளியே வரும்போது அந்த அதிகாரி, "நீங்கள் இங்கே வேலை செய்யவேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆயா என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தேன். அந்த நாற்காலிக்கு உண்மையில் எந்த மொழி வேண்டும்? மேலிடத்துக்குக் கடிதம் எழுத ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எதிரே நிற்பவரின் குறையைக் கேட்கத் தமிழ் வேண்டாமா? முதலாவதைச் சோதித்து வேலை கொடுத்தவர்கள் இரண்டாவதைச் சோதிக்கவில்லையே! நல்ல தமிழில் விளங்கச் சொல்வதும், ஒரு மொழியில் வந்ததை இன்னொரு மொழியில் குறையாமல் கொடுப்பதும் ஒரு திறமை என்று எந்த விண்ணப்பத்திலும் நான் பார்த்ததில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மொழியை வேலையின் தேவைக்காகக் கேட்பது வேறு. ஆளை வெளியே நிறுத்த வேலியாக நடுவது வேறு. கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். 1956இல் அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அரசு எழுத்தர் பணியில் இருந்த செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழர், சிங்களத் தேர்வில் தேறாததால் 1962இல் ஊதிய உயர்வு மறுக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில், ஊதியத்துக்காக அவர் வழக்காடலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அந்த மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவே இல்லை. ஒரு எழுத்தரின் ஊதிய உயர்வில் தொடங்கிய கசப்பு எங்கே போய் முடிந்தது என்பதை நாம் அறிவோம். அங்கே தமிழர்க்கு நேர்ந்தது இங்கே எந்த மொழிக்காரர்க்கும் நம்மால் நேரக் கூடாது. ஆங்கிலம் நமக்கு வேலியாக இருப்பது தவறென்றால், தமிழைப் பிறர்க்கு வேலியாக்குவதும் தவறுதான். "இந்த வேலைக்கு இந்த மொழி எதற்கு?" என்ற ஒரு கேள்வியை எல்லா வாசலிலும் கேட்டாற் போதும்.

இரண்டு மொழியும் பகையின்றி ஒருவரிடம் இருக்க முடியுமா? மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் கற்றதனால் நீதிமன்றத்தில் உயர்ந்தவர். உயர்ந்த பின், ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து 1862இல் தமிழில் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டார். கட்சிக்காரனுக்குப் புரியாத மொழியில் வழக்கு நடத்துவது முறையா என்று அதிலேயே கேட்டார். ஆங்கிலத்தால் பெற்றதைத் தமிழுக்குத் திருப்பித் தந்த மனிதர் அவர். நமக்கு வேண்டிய வழி இதுவென்றே தோன்றுகிறது.

அதற்கு நாம் என்ன செய்யலாம்? 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் உண்டு. நல்லதே. ஆனால் இன்னொருவர் எழுதிய ஆறு வாக்கியங்களை மேலும் அழகாக ஒப்பிக்கக் கற்பதில் என்ன பயன்? முதலில் நம் கருத்தை நம் மொழியில் நான்கு பேர் முன் சொல்லப் பழகவேண்டும். நம் துறையில் வாரம் ஒருமுறை, தாளில்லாமல், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் பேசி, அதையே அடுத்த வாரம் ஆங்கிலத்தில் பேசினால் என்ன? கல்வராயன் மலையிலிருந்து வரும் தோழியர் தேன் எடுப்பதைப் பற்றிச் சொல்லட்டும். நான் சோகை உரிப்பதைச் சொல்கிறேன். பொருள் நம்முடையதாக இருந்தால் சொல் பின்னாலேயே வரும். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பிறந்த சுந்தரர், மணக்கோலத்தில் இருந்தபோது, முதியவராக வந்த இறைவன் ஓலையைக் காட்டி, "நீ என் அடிமை" என்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்தது. ஓலை வென்றது. பின் இறைவன் பாடச் சொன்னபோது, "எனக்கு என்ன தெரியும், என்னவென்று பாடுவேன்?" என்று திகைத்தாராம் சுந்தரர். வழக்கின்போது தன்னைப் பித்தன் என்று ஏசினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கு என்றாராம் இறைவன். சிறு வயதிலிருந்து கேட்ட கதை. இப்போதுதான் எனக்குப் பொருள் விளங்குகிறது. வேறு சொல்லைத் தேடி அலையச் சொல்லவில்லை. வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்கச் சொன்னார்.

அப்பாவிடம் பேசினேன். அலுவலகத்தில் நடந்ததை ஆயா அவரிடம் நான்கு முறை சொல்லியிருந்தாள். "ஒரு வருஷம் தவணை குடுங்கப்பா. தம்பி இங்கேயே படிக்கட்டும். தெனமும் ராத்திரி நான் பாத்துக்கறேன்" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு வருஷம்தான்" என்றார். அட்டிகை இன்னும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. ஓராண்டுக்குப் பின் எங்கே இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் தம்பி எழுந்து நிற்பான். அன்று பார்த்த ஒன்றை முதலில் தமிழில் சொல்வான். பிறகு, தெரிந்த ஆங்கிலத்தில். நேற்று, கன்று போட்ட பசுவைப் பற்றிப் பேசினான். சீம்பாலுக்கு ஆங்கிலம் தெரியாமல் ஒரு நொடி நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தானாகவே, "ஃபர்ஸ்ட் மில்க்" என்றான்.

அப்பா கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.